மதுரைக்குப் போன ரத்தம்

சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த பெரியவரிடம் சொன்னார்: "காய்ச்சல்ல கெடந்த எம் பொண்டாட்டி ரத்தத்த நானே எடுத்து மதுரைக்கு அனுப்புனேன், அண்ணாச்சி."

"ஏன் வே, நீரு லேப்தான வச்சிருக்கீரு?"

"இப்ப அது ஒரு பெரிய கம்பெனிக்கு ரத்தம் எடுத்துக் குடுக்குற இடம், அவ்வளவுதான். டெஸ்ட்டெல்லாம் மதுரையில அவங்க மிஷின்லதான். நான் மைக்ராஸ்கோப்பக்கூட வித்துட்டேன். அது இருந்திருந்தா மலேரியான்னு ஒரு மணி நேரத்துல சொல்லியிருப்பேன். ரிப்போர்ட் மறுநாள் சாயங்காலந்தான் வந்துச்சு. அதுக்குள்ள அவ கிட்னி கெட்டுப்போச்சு."

"அந்தப் புள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?"

"திருநெல்வேலி ஆஸ்பத்திரியில வாரம் ரெண்டு நாள் டயாலிசிஸ். அங்கதான் போறேன்."

பெரியவர் தயங்கிக் கேட்டார். "உம்ம ஏதும் சொல்லிச்சா?"

"'நீங்கதான எடுத்தீங்க, நீங்களே பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன்'னு சொன்னா."