மாவுக்கட்டு காயற நேரம்

பேசாதீங்க சார், கம்முன்னு இருங்க. உதடு அசைஞ்சா மாவு வெடிச்சுரும், அப்பறம் முதல்ல இருந்து போடோணும். மூக்கு ஓட்டை ரெண்டையும் தொறந்துதான் உட்டிருக்கறேன், மூச்சுக்கு ஒன்னும் பயமில்லை. நான் சொல்றது கேக்குதுங்களா? கேட்டா என் கையை ஒருக்கா அமுத்துங்க. ஆங், அவ்வளவுதான். அரிச்சா ரெண்டு தடவை அமுத்துங்க. கண்ணைத் தொறக்க மட்டும் பாக்காதீங்க.

பசங்க சாப்பிடப் போயிருக்காங்க. மணி அடிச்சதும் எல்லாக் கிளாசும் இங்க ப்ரேயர் கிரவுண்டுக்கு வந்து உக்காரும். கரஸ்பாண்டென்ட் சார் உங்க மூஞ்சியில இருந்து முகமூடி கழட்டறதைப் பாக்கோணும்னு காலையில இருந்து ஒரே துள்ளல். இதை மேடையில வச்சுக்கலாம்னு சொன்னது நான்தானுங்க. கிளாஸ் ரூமுக்குள்ளன்னா பின்னாடி நிக்கற புள்ளைங்களுக்குத் தெரியாதில்லைங்களா.

சுடுதுங்களா? சுடத்தான் செய்யும். மாவு இறுகறப்ப சூடு வரும், சித்த நேரத்துல ஆறிரும். ஆஸ்பத்திரியில கை ஒடைஞ்சா போடறாங்களே, அதே மாவுக்கட்டுத் துணிதான். துண்டு துண்டா வெட்டி, தண்ணியில முக்கி, மொகத்துல ஒட்டறது. காஞ்ச பொறவு கழட்டி வர்ணம் அடிச்சா முகமூடி. அதைப் போட்டுக்கிட்டு பசங்க நாடகம் போடுவாங்க. இதைத்தான் ஸ்கூல் ஸ்கூலாப் போயி சொல்லித் தாரேன். உங்க வாட்ச்மேன் சென்னியப்பன் கேட்டுல நிறுத்தி வச்சு, ஒர்க்‌ஷாப்புன்னா எந்த லாரிம்மா வருதுங்கறாரு. தடுக்கி உழுந்தா லாரிப் பட்டறை, நம்ம ஊருல இருந்துக்கிட்டு அவரைச் சொல்லியும் குத்தமில்லை.

காலையில எட்டாவது பசங்க ஒருத்தர் மொகத்துல ஒருத்தர் போட்டாங்க. அதுல என் சட்டம் ஒன்னு இருக்குதுங்க. மாவுக்குள்ள இருக்கறவங்க கையை இன்னொருத்தர் புடிச்சுக்கோணும், கடைசி வரைக்கும் உடக்கூடாது. கண்ணு தெரியாது, வாயைத் தொறக்க முடியாது, பயந்துக்குவாங்க. தனப்பிரியான்னு ஒரு புள்ளை, டீச்சருங்க எல்லாம் வாயாடி வாயாடிங்கறாங்க, அவளே நடுங்கிப் போயிட்டா. பக்கத்துல இருந்த புள்ளை அவ கையை உடவே இல்லை. உங்களுக்குப் போடறப்பவும், சார் கையை யாரு புடிச்சுக்கறீங்கன்னு கேட்டேன். நீங்களும் கேட்டிருப்பீங்க, ஒரு சத்தமும் வரலை. அதான் நானே புடிச்சிருக்கறேன்.

மத்த ஸ்கூலுக்கெல்லாம் கூப்பிட்டாத்தான் போறது. உங்க ஸ்கூலுக்கு மட்டும் நானாவே போன் போட்டுக் கேட்டேன். உங்க மொகத்தையும் ஒன்னு எடுத்து ஆபீஸ்ல மாட்டலாம் சார்னதும் உடனே ஒத்துக்கிட்டீங்க. எந்த ஊரும்மான்னீங்க, பள்ளிபாளையம்னேன். அதுக்கு மேல நீங்க கேக்கலை, நானும் சொல்லலை. சென்னையில இருந்து வந்த ஆர்ட்டிஸ்ட்டுன்னு மைக்குல சொல்லிட்டீங்க. காலேஜு சென்னைதான், அது நெசம். ஆனா ஆறாவது வரைக்கும் படிச்சது இந்த ஸ்கூலுங்க. மோகனப்பிரியாங்கற பேரு அப்பவும் இதேதான்.

ஞாபகம் வரலைங்களா? கையை அமுத்தக் காணோமே. சரி, என்னையை உடுங்க. எங்கண்ணன் இளவழகன், எட்டாவது பி. தோளு வரைக்கும் முடி வளத்து ரப்பர் பேண்டு போட்டுக்கிட்டு வந்தானே. அதுவும் இல்லையா. எத்தனை பசங்க தலையில கை வச்சீங்களோ, எதைன்னுதான் ஞாபகம் வச்சுக்குவீங்க.

எங்கம்மா குஞ்சம்மாளுக்கு வயித்துல கட்டி. ஈரோட்டுல ஆபரேசன் பண்ணோணும்னுட்டாங்க. பொழைச்சு ஊடு வந்து சேந்தா பையன் முடியை பழனிக்குக் குடுக்கறேன்னு அம்மா வேண்டிக்கிட்டா. ஆபரேசனுக்குப் பணம் பொரட்டவே ஒன்றரை வருசம் ஆச்சு, முடியும் வளந்துக்கிட்டே போச்சு. சாமிக்குன்னு உட்ட முடியில, அங்க போயி எறக்கற வரைக்கும் கத்தி கத்தரி படக்கூடாது. உங்களுக்குத் தெரியாததுங்களா, வருசா வருசம் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கறவங்கதானே நீங்களும். எங்கப்பா தறியை நிறுத்திப்போட்டு வந்து கிளாஸ் மிஸ்ஸுகிட்ட நேராவே சொன்னாரு. அவங்களும் சரின்னுட்டாங்க.

நீங்கதான் ப்ரேயர்ல பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்க. சாமிக்கு உட்டதுங்க சார்ங்கறான் அண்ணன். சாமியெல்லாம் உங்க ஊட்டோட வச்சுக்கடா, இந்த கேட்டுக்குள்ள நான்தான் சாமின்னீங்க. மொத்த ஸ்கூலும் சிரிச்சுது. டிராயிங் மாஸ்டர் மேசையில இருந்த கத்தரிக்கோலை எடுத்தாரச் சொல்லி, நெத்தியில இருந்து பொடனி வரைக்கும் நடுவால வெட்டி உட்டீங்க. இந்த மேடையிலதானுங்க. மீதியை சலூன்ல போயி எடுத்துக்கன்னு தாட்டி உட்டுட்டு, கையில ஒட்டுன முடியைத் தட்டிக்கிட்டுப் போயிட்டீங்க.

கீழ உழுந்த முடியை அண்ணன் மண்ணுல இருந்து பொறுக்குனான். நானும் வரிசையை உட்டு ஓடியாந்து பொறுக்குனேன். டிபன் பாக்ஸ்ல போட்டு மூடி, இதையே பழனிக்குக் கொண்டு போயிரலாம் பாப்பா, சாமி ஒத்துக்கும்னான். அம்மாகிட்ட மூச்சு உடாதீங்கன்னு அப்பா சொன்னாரு. தலையில துண்டைக் கட்டிக்கிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தான். ஆபரேசன் தியேட்டருக்குத் தள்ளிக்கிட்டுப் போறப்ப அம்மா அவனைக் கிட்டக் கூப்பிட்டு தலையைத் தடவுனா. துண்டு அவுந்துருச்சு. அவ மூஞ்சி செத்துப் போச்சு. உள்ள போனவ திரும்பி வரலை.

கட்டி முத்திப் போச்சுன்னு டாக்டர் சொன்னாரு. எனக்கும் அது புரியுதுங்க, முடிக்கும் உசுருக்கும் முடிச்சுப் போடற ஆளில்லை நானு. ஆனா எழவுக்கு வந்த ஒறம்பரை பூரா, சாமி குத்தம், பையன் முடியைக் காப்பாத்தலைன்னு அவன் காது படவே பேசுச்சு. அப்பாவும் ஒரு நாள் குடிச்சுப்போட்டு, உன்னாலதாண்டா அவ போனான்னு சொல்லிப்போட்டாரு. அவன் அதோட ஸ்கூலுக்கு வரலை. ரிக் வண்டியில போர்வெல் போடற வேலைக்குன்னு சத்தீஸ்கர் பக்கம் போனவன், இன்னும் அங்கதான் கெடக்கறான். கல்யாணம் வேண்டாம்னுட்டான். தலையில ஒரு முடி மொளைக்க உடறதில்லை, அவனே உக்காந்து வழிச்சுக்கறான். ஏண்ணா இப்படிப் பண்றீங்கன்னு போன்ல கேட்டா, அம்மாவுக்கு இன்னும் நான் குடுத்து முடிக்கலை பாப்பாங்கறான். எங்கம்மாவை அவன்தான் கொன்னான்னு அவன் நம்பறானுங்க. அதை நெனைக்கறப்பெல்லாம் எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரியும். இத்தனை வருசமும் உங்களை நெனச்சுத்தான் எரிஞ்சிருக்கறேன்.

கையை உருவாதீங்க, இன்னும் சித்த நேரந்தான். உள்ளுக்குள்ள என்னமோ முனகறீங்க. மன்னிச்சுக்கம்மாங்கறீங்களா, யாருகிட்டப் பேசறேன்னு தெரியுதாங்கறீங்களா, ஒன்னும் புரியலைங்க. ரெண்டும் எனக்கு வேண்டாம். தெய்வம் நின்னு கொல்லும்பாங்க. அது நிக்கட்டுமுங்க, எனக்கு அம்புட்டுப் பொறுமை இல்லை.

மணி அடிச்சிருச்சு. பசங்க வாராங்க பாருங்க, பாக்க முடியாது உங்களுக்கு, சத்தமாவது கேக்குமே. ஓடாதீங்க சாமிகளா, வரிசையா உக்காருங்க. சின்னப் பசங்க முன்னால.

காஞ்சுருச்சுங்க, தட்டுனா நல்லாச் சத்தம் வருது. கழட்டறதும் சுளுவுதான். வாசலைன் பூசுன எடம் பூரா தானா உட்டுக்கும். முடி இருக்கற எடத்துக்கு மட்டும் எச்சா அப்போணும், இல்லீனா முடியும் மாவும் சேந்து இறுகிரும். எட்டாவது பசங்களுக்கு காலையில மொதல்ல சொல்லிக் குடுத்ததே அதைத்தான், நீங்க ஒரு எட்டு கிளாசுக்குள்ள வந்திருந்தா கேட்டிருப்பீங்க. உங்களுக்கு நெத்தி, கன்னம், தாடையெல்லாம் நல்லாவே பூசியிருக்கறேன். மீசைக்கும் புருவத்துக்கும் பூசலைங்க. திருச்செங்கோட்டு ரோடு பூரா ஃபிளக்ஸ்ல முறுக்கி உட்டுக்கிட்டு நிக்கறீங்களே, அந்த மீசைக்குத்தான். இழுத்தா தோலோட வந்துரும், அந்தப் பாவம் நமக்கெதுக்கு. கத்தரிக்கோலை உட்டு மெதுவா வெட்டித்தான் எடுக்கோணும்.

எங்க எந்திரிக்கறீங்க, உக்காருங்க. படி இருக்குது, உழுந்துருவீங்க. தலையை மட்டும் ஆட்டாதீங்க சார். எங்கண்ணன் ஆட்டுனான், அதுலதான் கத்தரி நழுவி அவன் காது கிழிஞ்சு போச்சு.