பன்னிரண்டாவது கட்டை

எனக்கு உயரம் என்றால் பயம், ஐயா. இருபது வருஷமாக சென்ட்ரிங் வேலை பார்க்கிறவன் இப்படிச் சொன்னால் எவனும் நம்ப மாட்டான். தளத்துக்கு மேலே ஏறுகிற வேலையை எப்போதும் வேறு ஆளிடம் விட்டுவிடுவேன். கீழே நின்று சவுக்குக் கட்டையை முட்டுக் கொடுப்பதும், கான்கிரீட் இறுகியபின் பிரித்து எடுப்பதும் என் கைவேலை. பலகையும் கட்டையும் என் சொந்தம். பாகூர்ப் பக்கம் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், பாக்யராஜ் பிரித்த தளத்தில் ஒரு விரிசல் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. தளம் போடுகிற அன்று பாதிக் கூலி, பலகை பிரிக்கிற அன்று மீதி. மடுகரையில் உரக்கடை வைத்திருக்கும் இளங்கோவன், முன்பு கட்டிய குடோனுக்கே அந்த மீதியைத் தரவில்லை. வீட்டு வேலையோடு சேர்த்து வாங்கிக்கொள் என்றார். நம்பினேன். வீட்டு முகப்பில் தூண் இல்லாமல் ஏழடி நீட்டி போர்டிகோ வேண்டும் என்றார். பன்னிரண்டு கட்டை கொடுத்தேன். அப்படித் தூண் இல்லாத தளத்துக்கு ஒரு மாதமாவது முட்டு நிற்க வேண்டும்.

அந்த ஒரு மாதம் என்னிடம் இல்லை. என் மனைவி லில்லி பெயரில் குழுக் கடன் வாங்கியிருந்தோம். தவணை தவறினால் வசூலுக்கு வருகிறவன் எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவான். ஒரு வார்த்தை தப்பாகப் பேச மாட்டான். சும்மா உட்கார்ந்திருப்பான். என் பெண் ஸ்கூல் விட்டுப் பின்பக்கமாகச் சுற்றி வருவாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, தெருவில் எந்த பைக் சத்தம் கேட்டாலும் அவன்தான் என்று நான் பின்பக்கம் போய்விடுவேன்.

தளம் போட்ட ஒன்பதாம் நாள் கடைக்குப் போய் நின்றேன். இளங்கோவன் மூட்டையை எடை போட்டபடியே பேசினார்.

“இன்னா பாக்யா, பலகையே பிரிக்கல, அதுக்குள்ள வந்து நிக்கற? ஒரு கட்ட நின்னாலும் வேல முடியலன்னுதான் அர்த்தம். மொத்தமும் பிரிச்சிட்டு வா, அன்னிக்கே வாங்கிக்க.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இப்போதைக்குப் பிரிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் பிரித்தேன். பதினோரு கட்டை வந்தது. வெளி ஓரத்தில் ஒன்றை மட்டும் விட்டு நிமிர்ந்தபோது, தளம் சுவரோடு சேருகிற இடத்தில் முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. தோளில் மணல் பொடி கொட்டியது. ஆண்டவரே என்று வெளியே ஓடிவந்துவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். நிறுத்தத்தான் செய்தேன். இளங்கோவன் வந்து பார்த்தால் பயந்து பணத்தைக் கொடுப்பார் என்று மூன்று தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை.

அப்போதுதான் ருக்குமணி வந்தாள். சுவருக்கும் தளத்துக்கும் தண்ணீர் ஊற்ற இளங்கோவன் வைத்திருந்த ஆள். அவளுக்கும் இரண்டு வாரக் கூலி வரவில்லை. முதலாளி கடலூர் போயிருக்கிறார், சாயந்திரம்தான் வருவார் என்றாள். அன்று தவணை நாள். அவர் வந்து இறங்கியதும் கைமேல் காசு வாங்காவிட்டால், சாயந்திரம் அந்த வசூல்காரன் என் வாசலில் நாற்காலி போட்டுவிடுவான், ஐயா.

கடைசிக் கட்டைக்குக் கயிறு கட்டித் தூர நின்று இழுப்பதுதான் முறை. கயிறு கட்டவும் தளத்துக்கு அடியில் போக வேண்டுமே. நான் போகவில்லை. கழற்றி வெளியே போட்டிருந்த பதினோரு கட்டையையும் பலகையையும் எடுத்துப்போய் ரோட்டில் நின்ற வண்டியில் ஏற்றினேன். அதை ஏன் முதலில் செய்தாய் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். உடைந்தால் எனக்கு யார் தருவார்கள்?

பிறகு அவளைக் கூப்பிட்டேன். “ருக்கு, அந்தக் கட்டைக்கு அடியில ஆப்பு இருக்கு பாரு, ரெண்டு தட்டு தட்டிக் குடேன். எனக்குத் தோள் புடிச்சிக்கிச்சி. அதயும் எடுத்தாதான் காசு. உன் கூலியும் சேத்து வாங்கியாறேன்.”

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சுத்தியலை வாங்கினாள். “தோளு இல்ல, பயம். மூஞ்சியிலயே தெரியுது. எவ்ளோ பெரிய ஆம்பள!” என்று சிரித்தாள். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தவள் அங்கிருந்து கேட்டாள்.

“ணா, தளம் உழுந்து கிழுந்துடாதே?”

“உழாது, தட்டு.”

மூன்றாவது தட்டில் ஆப்பு கழன்றது. அதற்கப்புறம் நடந்தது உங்கள் போட்டோவில் இருக்கிறது. தயவுசெய்து அதைத் திருப்பி வையுங்கள், என்னால் பார்க்க முடியாது.

நான் அந்தக் கட்டையைத் தொடவே இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். இளங்கோவன் சொன்னபடி மொத்தமும் பிரித்தாகிவிட்டது. ருக்குமணியின் இரண்டு வாரக் கூலியையும் சேர்த்துக் கேட்கும்படி லில்லியிடம் சொல்லியனுப்பியிருக்கிறேன். செத்தவளுக்குக் கொடுத்த வாக்கு, மாற மாட்டேன்.

இன்னொன்று கேட்டீர்கள். விழாது என்று சொன்னபோது நான் எங்கே நின்றேன் என்று. கேட்டுக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஐயா. அவளுக்குக் கேட்க வேண்டுமே என்று கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன்.