ஆறுன்னே எழுதிக்கோங்க

ஆறு, சிஸ்டர். ஆறு மாத்திரைதான். எத்தனை தடவை கேட்டாலும் ஆறுதான். மூணு நாளா, நாளைக்கு ரெண்டு, டாக்டர் சீட்டுல எழுதினபடி.

இல்லம்மா, கோவமெல்லாம் இல்ல. பயம். நேத்து மத்தியானத்துலேருந்து வாந்தி, வயித்தால வேற போகுது. எண்ணுறதை விட்டுட்டேன். இப்போ எழுந்து நின்னா தொடையில பலமே இல்ல.

மாத்திரை எதுக்கா? வலது கால் பெருவிரலுக்கு. யூரிக் ஆசிட். மூட்டு தக்காளியாட்டம் வீங்கிருச்சு. போர்வை நுனி பட்டா உயிர் போயிட்டு வருது. ஃபேன் காத்து கூட வலிக்குதுடின்னா என் பொண்டாட்டி சிரிக்கிறா, காத்து என்னய்யா, செருப்பு மாட்டிக்கிட்டா வந்து மிதிக்குதுன்னு.

நான் குளிர்கிடங்குல ராத்திரி வேலை. பத்தொம்பது வருஷமா. மணிக்கொரு தரம் ஒவ்வொரு ரூமாப் போய் எத்தனை டிகிரின்னு பாத்து எழுதணும். ஒரு நாள் தவறினதில்ல. அப்படிப்பட்டவன் மாத்திரையில தப்பு பண்ணுவேனா? டப்பாவுக்குள்ள பொடி எழுத்துல ஒரு காகிதம் மடிச்சு வெச்சிருப்பாங்களே, யாரும் பிரிக்கக்கூட மாட்டாங்க, அதை ரெண்டு தரம் படிச்சவன் நான். எனக்குக் கிட்னி வேற கொஞ்சம் சுமார். டாக்டருக்கும் தெரியும். ரெண்டுக்கு மேல தொடாதே, வயிறு கலக்கினா நிறுத்திட்டு உடனே ஓடி வான்னு விரலை நீட்டிச் சொன்னார். நிறுத்தினேன். ஓடித்தான் வரல. சாப்பாடு ஒத்துக்கலன்னு நினைச்சுட்டேன்.

அளவு மீறினா என்ன ஆகும்னும் அந்தக் காகிதத்துல இருந்துச்சு. முதல்ல வயிறு. அப்புறம்... சரி, உங்களுக்குத் தெரியாததா.

வெளிய நீலச் சேலையில நிக்கிறாளே, அவதான் என் பொண்டாட்டி. தையல் கம்பெனியில பகல் வேலை. நான் வீட்டுக்குள்ள நுழையறப்போ அவ செருப்பு மாட்டுவா. அவ வர்றப்போ நான் கிளம்புவேன். பத்து நிமிஷக் குடித்தனம். அந்தப் பத்து நிமிஷத்துலயும் எனக்குப் பிரஷர் மாத்திரை குடுக்காம விடமாட்டா, காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. தூக்கக் கலக்கத்துல கட்டில்ல சாஞ்சிருப்பேன், உதட்டுல டம்ளர் இடிக்கும், கண்ணைத் திறக்காமலே வாயைத் திறப்பேன். உள்ள போறது ஒண்ணா ரெண்டான்னு யாரு பாத்தா?

என்ன சிஸ்டர், திரும்பவும் அதே கேள்வியா? சரியான எண்ணிக்கை தெரிஞ்சாத்தான் டாக்டர் முடிவு பண்ணுவாரா? ஆறுன்னா ஒரு வைத்தியம், அதுக்கு மேலன்னா வேறயா? பெரிய ஆஸ்பத்திரிக்கே அனுப்ப வேண்டியிருக்குமா?

அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துங்க.

கடையில இந்தக் கால் மாத்திரை ரெண்டு அட்டை குடுத்தாங்க. ஒண்ணு என் சாப்பாட்டுப் பையில இருந்துச்சு. வேலைக்குப் போனதும் ஒண்ணு, முடிஞ்சதும் ஒண்ணு, ஒழுங்காப் போட்டேன். இன்னொண்ணை வீட்டு அலமாரியில வெச்சேன். இன்னிக்குக் காலையில எடுத்துப் பாக்கிறேன், அதுலயும் ஆறு குழி காலி. இந்த மனுஷன் எங்க ஞாபகம் வெச்சுக்கப் போறாருன்னு பிரஷர் மாத்திரையோட சேத்தே குடுத்திருக்கா. நேத்து சாயங்காலம் வாந்தி எடுத்துட்டு உக்காந்திருக்கேன், முதுகைத் தடவிக்கிட்டே இதைப் போட்டுக்கய்யான்னு நீட்டினா. வாந்தி நிக்கிறதுக்குன்னு நினைச்சு முழுங்கிட்டேன். அதான் கடைசி. ஆறு மணி இருக்கும்.

பன்னெண்டு, சிஸ்டர். டாக்டர்கிட்ட இப்பவே போய்ச் சொல்லுங்க, அவர் பேப்பர்ல பன்னெண்டுன்னு இருக்கட்டும். அவ கேட்டா மட்டும் ஆறுன்னு சொல்லிருங்க. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, அதுக்கப்புறமும் அவ அதே கையாலதானே சாப்பிடணும்?

வர்றா. வேற ஏதாவது கேளுங்க என்னை, சீக்கிரம்.