மோப்பம்

– இன்னாப்பா, அதுக்குள்ள ஒக்காந்துட்ட? எழுந்திரு.

– ஒக்காரலம்மா. கால்ல முள்ளு குத்திச்சி, பாக்குறேன்.

– செருப்பு போட்ட காலுல முள்ளா? யாராண்ட கதை வுடுற?

– சுவேதா, கண்ணு, சொன்னா கேளு. மதகு வரைக்கும் வந்தாச்சி. இத்தோட திரும்பிட்டா கடையில சூடா போண்டா போட்டிருப்பான்.

– போண்டாவுக்கா உன்ன காலங்காத்தால ஏரிக்கரைக்கு இட்டாந்தேன்? தோ தெரியுது பாரு பனமரம், அது வரைக்கும் போயிட்டுதான் திரும்பணும்.

– அந்தப் பனமரமா? அது கடலூரு ஜில்லாம்மா!

– நட.

– இன்னா ஆதிமூலம்! குட்டியானை வண்டிய வூட்டுல நிறுத்திட்டு நீ மட்டும் ஆடிக்கினு வர்ற?

– வா டேனியலு. லோடு அடிக்கிற யானைக்கு ரெஸ்ட்டு. இந்த யானைக்கு டூட்டி.

– சுகரா?

– இல்லடா.

– பின்ன ஏன்டா நடக்குற?

– ஏன் டேனியல் மாமா, சுகரு வந்தாதான் நடக்கணுமா? வராம இருக்கக்கூட நடக்கலாம். நீ மெதிச்சிக்கினு போ. உன் சைக்கிளு நின்னா இவரும் நின்னுடுவாரு.

– அடேங்கப்பா! காலேஜி படிச்ச வாயாண்ட நமக்கு இன்னா வேல? வர்றேன்டா ஆதி.

– பாத்தியாம்மா, ஊரே சிரிக்குது.

– சிரிக்கட்டும். நீ குடிச்சிட்டு இதே கரையில வுழுந்து கெடந்தப்பவும்தான் சிரிச்சாங்க. அப்ப உனக்கு உறைக்கலியே?

– அதான் வுட்டுட்டனே!

– வுட்டுட்ட. யாரு இல்லன்னா?

– சாராயக்கடைக்கு எதிர்லயே வண்டிய நிறுத்தி மூட்ட எறக்குறேன். ஒரு சொட்டு நாக்குல படல. ஆச வர்றப்பலாம் ஒரு போண்டா, ஒரு மிச்சரு பாக்கிட்டு, ஒரு பரோட்டா. அப்பிடி ஏறினதும்மா இந்த ஒடம்பு. இப்ப அதையும் வுடுன்றீங்க. ஒரு மனுசன் எத்தினியதான் வுடுவான்?

– புரியுதுப்பா. புரியாமலா உன்கூட நடக்குறேன்? ஆனா டாக்டரு இன்னா சொன்னாரு?

– எடையக் கொறைக்கணும்னாரு. அவரு தொப்பைய நீ பாத்தியா?

– அவரு தொப்ப அவரு வூட்டுக்காரம்மா பாடு. தூக்கத்துல உனக்கு மூச்சு நின்னு நின்னு வருது, கழுத்துல போட்ட சதை வழிய அடைக்குதுன்னு சொல்லல? ஒரு ராத்திரி படுக்கவெச்சி டெஸ்ட்டு எடுக்கணும்னு சொல்லல?

– மூச்சு நின்னா இந்நேரம் செத்துல்ல போயிருப்பேன்? அடிச்சிப் போட்டாப்புல தூங்குறேன். இன்னா, கொஞ்சம் கொறட்ட வருது. கொறட்ட வுடாத வண்டிக்காரன் எவன் இருக்கான்?

– நல்லா தூங்குறவன் எதுக்குப்பா பட்டப்பகல்ல ஸ்டியரிங்குல தலைய தொங்கப்போடுறான்? வில்லியனூரு கேட்டாண்ட ரயிலு போயி, கேட்டு தொறந்து, பின்னால அத்தினி வண்டி ஆரன் அடிச்சும் நீ எழுந்திருக்கல. வந்து தட்டி எழுப்பி இருக்காங்க.

– அத யாரு சொன்னது உனக்கு?

– எவனோ சொன்னான். பொய்யா?

– பொய்யில்ல. ஆனா ஒடம்பு இல்லம்மா பிரச்சன. மனசு வுட்டுப்போச்சி. யாருக்காவ எளைக்கணும் நான்? உங்கம்மாவுக்காவா?

– அம்மா இன்னா பண்ணிச்சி?

– நீ சென்னையில வேல செய்யற, உனக்குத் தெரியாது. நான் வுட்டு மூணு வருசம் ஆவுது, செங்கமலம் இன்னும் என்ன நம்பல. ராத்திரி திடுக்குனு முழிப்பு வந்து கண்ணத் தொறந்தா, மூஞ்சாண்ட மூஞ்சி. வாய மோந்து பாக்குறா! நான் பாத்துட்டன்னு தெரிஞ்சா டக்குனு திரும்பிப் படுத்துக்குறா.

– மோந்து பாக்குதா?

– பின்ன? ஒரு நாளா, ரெண்டு நாளா? கேட்டா சண்ட வரும்னு நானும் வாயத் தொறக்கல. உள்ளுக்குள்ள அறுக்குது. குடிச்சாலும் இந்தப் பேருதான், குடிக்கலன்னாலும் இந்தப் பேருதான்னு ஒருநாளு வண்டிய கொண்டுபோயி கடை வாசல்லயே நிறுத்திட்டேன். உன் மூஞ்சி ஞாபகத்துக்கு வந்துச்சி. வண்டிய எடுத்துக்கினு வூட்டுக்கு வந்துட்டேன்.

– யப்பா...

– காலையில ஒரு டீ கெடையாது. முன்னலாம் இருட்டோட எழுந்து வாசத் தெளிப்பா. இப்ப நான் வெளிய கால வெச்சா போதும், இழுத்துப் போத்திக்கினு படுத்துடுறா. அவள இட்டாந்து நடக்க வையேன். சும்மா தூங்கித் தூங்கி...

– வாய மூடுப்பா!

– இன்னாத்துக்குடி இப்பிடி கத்துற? ஏரியில இருந்த கொக்குலாம் பறந்து போவுது பாரு.

– போவட்டும். சொல்லக்கூடாதுன்னு என் தலையில கை வெச்சி சத்தியம் வாங்கிச்சி அம்மா. கெடக்குது சத்தியம். லீவுல வந்தப்ப ஒரே ரூமுலதான படுத்தோம்? நீ கொறட்ட வுட்டுக்கினு இருந்த. திடீர்னு சத்தம் நின்னுச்சி. அப்பாடான்னு நான் கண்ண மூடினேன். அம்மா எழுந்து ஒக்காந்துடுச்சி.

– கொறட்ட நின்னதுக்கா?

– நின்னதுக்குதான். உன் மூக்காண்ட கன்னத்த கொண்டுபோயி வெச்சிப் பாத்துச்சி. காத்து வர்ல. தோளப் புடிச்சி ஆட்டிச்சி. தண்ணிக்குள்ளருந்து வெளிய வர்றவன் மாதிரி நீ மூச்ச இழுத்த. அப்புறந்தான் அது தலைய சாய்ச்சிது. திரும்ப நின்னுச்சி, திரும்ப எழுந்துச்சி. விடியிற வரைக்கும் இதே வேல. அது சாராய வாடைய தேடலப்பா. மூச்சு இருக்குதான்னு பாக்குது.

– எத்தினி நாளா?

– உனக்கு ஒடம்பு போட்டதுலேர்ந்து. சொன்னா நீ பயந்துடுவியாம். பயந்தா திரும்ப குடிக்கப் போயிடுவியாம். அதுக்காவ வாயக் கட்டிக்கினு கெடக்குது.

– நேத்துகூட அவ கைய தட்டிவுட்டேன்மா. போடின்னு சொல்லி தட்டிவுட்டேன்.

– வுடு. அழாத. யாராச்சும் வரப்போறாங்க.

– அந்த டெஸ்ட்டு, படுக்கவெச்சி எடுக்குறதுன்னியே. எப்ப வரட்டும்னு கேளு.

– கேக்குறேன். இப்ப திரும்பிடலாம் வா, இன்னிக்கு இது போதும். உனக்கு எரைக்குது.

– இந்நேரத்துக்கு உங்கம்மா இன்னா பண்ணுவா?

– இன்னா பண்ணும்? தூங்கும். நீ முழிச்சிக்கினு நடமாடுற நேரத்துலதான அது தூங்க முடியும்.

– அப்ப திரும்ப வேணாம்மா. அந்த கடலூரு ஜில்லா பனமரம் வரைக்கும் போயிட்டு வரலாம். மெதுவா.