அவர் பெயரில் ஒரு வாய்தா

மேடையில் இருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, மூத்த வழக்கறிஞர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணியார் அவர்களே, இடம் கிடைக்காமல் பின்னால் நிற்கும் கட்சிக்காரர்களே, வணக்கம்.

மறைந்த வழக்கறிஞர், மூன்று நூல்களின் ஆசிரியர், பத்தொன்பது ஆண்டுகள் என் எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தவர், நாம் எல்லாரும் 'ஆஜர் அண்ணன்' என்று கூப்பிட்ட மனிதர். அவரைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். துக்கத்தோடுதான் வந்தேன். எனக்கு முன்னால் பேசியவர்களைக் கேட்டபிறகு துக்கத்தைவிட அருவருப்புதான் மேலோங்கி நிற்கிறது. அதற்காக மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

ஏன் அவர் ஆஜர் அண்ணன்? நீதிமன்றம் பத்தரைக்குக் கூடுமென்றால் பத்தேகாலுக்கே வந்து நிற்பார். வழக்கு எண்ணைக் கூப்பிட்டதும் முதலில் கேட்பது 'ஆஜர்' என்ற அவர் குரல். அவர் வாய்தாவே கேட்டதில்லையா? கேட்டிருக்கிறார், ஒரே ஒரு முறை. காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அச்சகத்தில் உட்கார்ந்து தன் முதல் புத்தகத்துக்குப் பிழை திருத்தினார். அன்று அவருடைய கட்சிக்காரர், வயதான தச்சர், இரண்டு பஸ் மாறி வந்து சும்மா திரும்பிப் போனார். அடுத்த தேதிக்கு அவர் மகள்தான் வந்தார். "அப்பா போன வாரம் தவறிட்டாருங்க" என்றார். அதன்பிறகு அண்ணன் வாய்தா கேட்டதில்லை.

அந்த உறுத்தல்தான் அவருடைய மூன்றாவது நூல், 'எண்பத்திரண்டு சாக்குகள்'. வாய்தா வாங்க வழக்கறிஞர்கள் சொன்ன பொய்கள், தேதியோடு, யார் பெயரும் இல்லாமல். முதல் பொய் அவருடையது. முப்பத்துநான்காவது என்னுடையது. எனக்கு இருந்தது ஒரே பெரியப்பா. அவரை மூன்று முறை சாகடித்திருக்கிறேன். மூன்றாவது முறை நீதிபதியே கேட்டுவிட்டார், "மொத்தம் எத்தனை பெரியப்பா வக்கீல் சார் உங்களுக்கு?"

அந்த நூலுக்கு நாம் செய்த மரியாதை என்ன? சங்கத்தில் தீர்மானம் போட்டு நூலகத்திலிருந்து தூக்கி எறிந்தோம். நம் ஓய்வறையில் அவர் உட்காரும் நாற்காலியை எடுத்து உள்ளே பூட்டினோம். ஒன்றரை வருடம் அந்த மனிதர் ஜன்னலோரம் நின்றுகொண்டே மதியச் சாப்பாடு சாப்பிட்டார். அந்தத் தீர்மானத்தில் முதல் கையெழுத்து தலைவருடையது. ஐந்தாவது கையெழுத்து என்னுடையது. என் பொய் வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில் போட்டது. அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே குமட்டுகிறது.

இன்று அதே தலைவர் அவரைச் 'சங்கத்தின் மனசாட்சி' என்கிறார். மேடையில் வைத்திருக்கும் படத்தைப் பாருங்கள். அதே நூலின் பின்னட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கிய படம். கொஞ்சமாவது சுரணை வேண்டாமா?

அதையும் சகித்துக்கொண்டிருப்பேன். ஆனால் சற்றுமுன் தலைவர் ஒரு தீர்மானம் வாசித்தார். மறைந்தவருக்கு மரியாதை செலுத்த நாளை வழக்கறிஞர்கள் யாரும் நீதிமன்றத்துக்குள் போகக் கூடாதாம். அப்படியென்றால் நாளைய வழக்குகள் எல்லாம் வாய்தா. எண்பத்துமூன்றாவது சாக்கு அண்ணனுடைய சாவா?

நாளைய பட்டியலில் ஒரு தையற்கார அம்மாவின் வழக்கு இருக்கிறது. கணவர் இறந்ததும் அவரை வெளியே தள்ளி வீட்டைப் பூட்டிவிட்டார் கொழுந்தனார். ஒன்பது ஆண்டுகள் இழுத்து, நாளைதான் இறுதி வாதம். அண்ணன் கடைசியாக வாதக் குறிப்பு எழுதிய வழக்கு அது. எதிர்த்தரப்பு வக்கீல் யார் தெரியுமா? தலைவர் அவர்கள்தான். இதற்குமேல் நான் என்ன சொல்ல?

நான் மேடைக்கு வரும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக் கேட்டார். "அப்ப நாளைக்கு வர வேணாமா சார்? திரும்ப இன்னொரு நாள் லீவு கேக்கணும், அதான்." அவர் குரலில் கோபம்கூட இல்லை. ஒன்பது வருடத்தில் அதையும் நாம் பழக்கிவிட்டோம்.

அன்று போட்ட கையெழுத்தை இன்று திரும்பப் பெறுகிறேன். இன்றைய தீர்மானத்துக்கு நான் கட்டுப்பட மாட்டேன். சங்கம் என் நாற்காலியையும் எடுத்துக்கொள்ளட்டும், அதே ஜன்னலோரம் எனக்கும் இடமிருக்கிறது. அந்த வழக்கின் வக்காலத்தில் அண்ணன் பெயருக்குக் கீழே என் பெயரும் உண்டு. அவர் எழுதிவைத்த வாதக் குறிப்பு, இருபத்திரண்டு பக்கம், என் பையில் இருக்கிறது.

அம்மா, அங்கே கேட்குதா? நாளைக்கு வாங்க. பத்தேகாலுக்கே வந்துடுங்க. உங்க வழக்கைக் கூப்பிட்டதும் அண்ணன் சொல்ற அந்த ஒரு வார்த்தையை நான் சொல்றேன்.