மூன்று மாதத்துக்கு ஒரு புதிய கோப்பு: ஜனாபா உம்மு குல்சூம் அவர்களுக்கு

கடற்காற்றிலும் கணினித் திரையிலும் கண் எரிந்தபோதும் கடமையில் கண் அயராத கண்ணியமே, கற்பிட்டிக் கரையோரப் பிள்ளைகளின் கணினிக் காவலரே, பிளேன்டீயும் பிடிவாதமும் ஒருங்கே நிறைந்த எங்கள் பொறுப்பாளரே, ஜனாபா உம்மு குல்சூம் அவர்களே,

அஸ்ஸலாமு அலைக்கும் என்றும் வணக்கம் என்றும் உங்களை வாழ்த்தி, கலங்கிய மனத்தோடு இப்பிரியாவிடை மடலை வாசிக்கிறோம்.

பாடசாலைகளுக்காகத் தமிழிலும் சிங்களத்திலும் இயங்கும் லினக்ஸ் இயங்குதளம் ஒன்றைத் தொகுத்து, பென்டிரைவில் ஏற்றி, பஸ்ஸிலும் கருவாட்டு லொறியிலும் அனுப்பிவைக்கும் இச்சிறு நிலையத்தை இருபது ஆண்டுகளாகக் கட்டிக் காத்தீர்கள். பென்டிரைவ் மணக்கிறது என்று அதிபர்மார் முறையிட்டபோது அதற்கும் நீங்களே மன்னிப்புக் கேட்டீர்கள்.

அந்தப் பென்டிரைவில் போகும் நிறுவற் கோப்பை எத்தனை காலத்துக்கு ஒருமுறை புதிதாக்குவது என்பதில்தான் இந்த நிலையத்தில் சண்டை ஓயவில்லை. "ஒருக்காச் செஞ்சா ரெண்டு வருசத்துக்குக் காணும், மிஸ்" என்பார் எங்கள் ஊழியர் மரியநாயகம். "மாசா மாசம் விடுவோம், மிஸ். ஆக்கள் பாத்துக்கிட்டு ஈக்கிறாங்க" என்பார் சக ஊழியர் சியாம். இருவர் சொன்னதையும் நீங்கள் செய்தே பார்த்தீர்கள். மாதாமாதம் விட்டதில் சோதிக்க நேரமில்லாமல் போய், ஒரு மாதத்துக் கோப்பு கணினிகளின் ஒலியையே அடக்கிவிட்டது. ஊர் ஊராகப் பஸ் ஏறிப் போய்ச் சரிசெய்தவர் நீங்கள். அதன் பின் நெடுநாள் விட்டுவைத்ததில், ஆலங்குடாப் பாடசாலைக்கு வந்த புதிய கணினிகளைப் பழைய கோப்புக்கு அடையாளமே தெரியவில்லை. தெரிந்த கணினிகளிலோ, நிறுவி முடித்த கையோடு மலைபோல் அப்டேட் இறங்கத் தொடங்கியது. டேட்டா தீர்ந்தது, பாடவேளையும் தீர்ந்தது. பிள்ளைகள் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று உங்களுக்கு வந்த கோபத்தை நாங்கள் மறக்கமாட்டோம். தொண்ணூறில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரை விட்டு வந்து, புத்தளத்து அகதி முகாமில் பதிவுக்கும் ஒரு துண்டுப் பாணுக்கும் வரிசையில் நின்றவர் நீங்கள். அதைப் பற்றி அதிகம் கதைப்பதில்லை. அன்று மட்டும், "புதுசா வாற ஆள் முதல்ல காணுற வாசல் இது. அங்கயே நிக்க வைக்கப்படாது" என்றீர்கள். நிறுவிய உடனே பிள்ளை எழுதத் தொடங்க வேண்டும், விடுகிற கோப்பைப் பழுதறச் சோதிக்கவும் அவகாசம் வேண்டும் என்று, மூன்று மாதத்துக்கு ஒன்று என முடிவு செய்தீர்கள். வெளியிடும் வாரத்தில் எங்களில் எவரையும் நேரத்துக்கு வீடு போக நீங்கள் விட்டதில்லை என்பதையும் இந்தச் சபையில் அன்போடு போட்டுக்கொடுக்கிறோம்.

நீங்கள் ஓய்வு பெறப்போவதால் இனி வருடத்துக்கு ஒன்று போதும் என்று நிருவாகக் குழு சென்ற மாதம் சொன்னது. உங்கள் முகம் வாடியதை எல்லோரும் கண்டோம். அப்போது எழுந்து நின்றவர் வேறு யாருமல்ல, மரியநாயகம்தான். "மூண்டு மாசத்துக்கு ஒண்டுதான். சோதிக்கிற வேலைய நான் பாரமெடுக்கிறன்" என்றார். குழுவும் இணங்கியது.

பெருமாட்டியே, நேற்று வெளியான கோப்பில் உங்கள் கை படவில்லை. வேண்டுமென்றே உங்களுக்கு அறிவிக்காமல் நாங்களே தொகுத்தோம். மரியநாயகம் ஒரு பிழையைப் பிடித்து எங்கள் எல்லோரையும் மறித்துவைத்து, அதைத் திருத்திய பிறகுதான் விட்டார். இன்று காலை ஆலங்குடாவில் மக்தலேனா டீச்சர் அதை நிறுவினார். நிறுவி முடிந்த உடனேயே பிள்ளைகள் தட்டச்சுச் செய்யத் தொடங்கிவிட்டார்களாம்.

நோய் நொடியின்றி, பேரப்பிள்ளைகள் புடைசூழ, இறையருளால் நீடூழி வாழ்க. இனி நீங்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம், மிஸ்.

என்றும் உங்கள் அன்பு மறவாத,
கரையோரக் கணினி நிலைய ஊழியர்கள்,
கற்பிட்டி.