தடங்கல் இல்லாத வாரம்

சாரல் காலத்தில் சர்வர் அறைக்கு ஏசி எதற்கு என்று இங்கே எல்லோரும் கேட்பார்கள், சார். வெளியே குளிர்ந்துதானே கிடக்கிறது என்பார்கள். ஈரம்தான் எதிரி என்பது அவர்களுக்குத் தெரியாது. குற்றாலத்துச் சாரல் கதவிடுக்கு வழியாக வந்தால் போதும், மெஷின் போர்டுகளில் பச்சைக் களிம்பு பூத்துவிடும். அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். எங்கள் பல்கலைக்கழகத்தில் அந்த ஆள் நான். மாரிச்செல்வம், கணினி மையப் பொறுப்பாளர். மையம் தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறேன். இன்னும் ஒப்பந்த வேலைதான்.

ஜூன் மாதம் பதிவாளர் கூப்பிட்டார். ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களில் கணினிகள் எவ்வளவு உழைக்கின்றன, நெட்வொர்க் எத்தனை முறை அறுந்துபோகிறது என்று நாடு முழுக்க அளக்கிறார்களாம். ஒரு வாரம் எங்கள் மையத்திலும் அளப்பார்கள். "நம்ம நிலைமை மோசம்னு வந்துச்சுன்னா மையத்த மூடிருவாங்க, பாத்துக்கிடும்" என்றார். பாதி மெஷின்கள் சும்மா கிடப்பது எனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் பண்பொழி மலையேறி முருகனிடம் நின்றேன். உடம்புக்கோ பிள்ளைகளுக்கோ ஒன்றும் கேட்கவில்லை. நல்ல எண் வர வேண்டும் என்று மட்டும் கேட்டேன். என் வயதில் இந்த அறையை விட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை, சார். வீட்டில் இதைச் சொல்லவும் வாய் வரவில்லை.

அளக்கும் வாரத்தில் மெஷின்களுக்குப் பொய் வேலை கொடுத்தேன். எதற்கும் உதவாத கணக்குகள். போட்டுப் போட்டு அழிக்கிற மாதிரி. எல்லா மெஷினும் மூச்சுமுட்ட ஓடியது. யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் நினைத்தேன்.

நிலோபருக்கு மட்டும் கொஞ்சம் இடைஞ்சல். தென்காசிப் பெண். மலையில் பெய்கிற மழை எவ்வளவு நேரத்தில் அருவியில் வெள்ளமாக இறங்கும் என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அவள் கணக்கு என் பொய்க் கணக்குகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றது.

"எனக்கு முன்னால யாரு அண்ணாச்சி நிக்கா?" என்று கேட்டாள்.

"பெரிய ஆராய்ச்சிம்மா, பொறுத்துக்கோ" என்றேன். சிரித்துவிட்டுப் போனாள்.

ஐந்தருவிக்கு மேலே காட்டோடையில் அவள் இரண்டு நீர்மானிகள் வைத்திருந்தாள். ஒன்று மேட்டில், ஒன்று கீழே. ஓடையில் தண்ணீர் ஏறுவதையும் இறங்குவதையும் அவை அனுப்பிக்கொண்டே இருக்கும். மழைநேரத்தில் அந்த இணைப்பு விட்டுவிட்டு வரும். ஒவ்வொரு முறை அறும்போதும் எங்கள் பெயரில் ஒரு தடங்கல் ஏறும். அதனால் அந்த வாரம் மட்டும் மானிகளின் தகவலைத் தனியாகத் திருப்பிவிட்டேன். அளப்பவர்கள் கணக்கில் அது வராது. என் திரையில் மட்டும் வரும். நிலோபரின் திரையில் ஒன்றும் வராது. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் துறைத்தலைவர் வரைக்கும் போயிருப்பாள், நியாயமான பெண்.

கடைசி நாள் அளக்க வந்த அதிகாரி என் அறையில் உட்கார்ந்திருந்தார். நிலோபர் வாசலில் வந்து நின்றாள்.

"ஒரு வாரமா ரெண்டு மானியும் செத்துக் கெடக்கு அண்ணாச்சி. மழைக்கு அறுந்திருக்கும்னு விட்டுட்டேன். நம்ம பக்கம் ஏதும் கோளாறா?"

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். நான் எழுந்து அவளை வராந்தாவுக்குக் கூட்டிப்போனேன். "பேட்டரி போயிருக்கும். போய்ப் பாத்துட்டு வா" என்றேன். சாயங்காலம் வரை அவள் அந்தப் பக்கம் வரக்கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம்.

மத்தியானம் போன் வந்தது. ஓடைச் சத்தத்தில் அவள் கத்திப் பேசினாள்.

"கீழ் மானிகிட்ட, ஓடைக்குள்ள நிக்கேன். பேட்டரி நல்லாத்தான் இருக்கு. பச்ச லைட்டு எரியுது, தகவல் போகுதுன்னுதான் அர்த்தம். இங்கன வெயிலடிக்கி. மேல எப்படின்னு தெரியல. மேல் மானி ஏதும் காட்டுதா?"

என் திரையில் மேல் மானியின் கோடு செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தது. அப்படி ஏறி நான் பார்த்ததே இல்லை. அதிகாரி பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் வரலம்மா" என்றேன்.

"அப்ப நான் கெளம்பி வரவா?"

கிளம்பினால் நேரே என் அறைக்குத்தான் வருவாள். பச்சை விளக்கைப் பற்றிக் கேட்பாள். "வந்தது வந்துட்ட. வயரக் கழத்தி மாட்டிப் பாரு. நான் இங்கன பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றேன்.

"சரி அண்ணாச்சி."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், சார். கீழ் மானியின் கோடும் எழும்பியது. பிறகு அறுந்தது. "அது என்ன?" என்று அதிகாரி கேட்டார். மாணவர்களின் பயிற்சித் தகவல் என்றேன். அவரும் தலையாட்டிவிட்டு அளப்பதை முடித்துக்கொண்டார்.

தேடப் போனவர்களோடு நானும் போனேன். அவளை நான்தான் முதலில் பார்த்தேன், பாறை இடுக்கில். அவள் அப்பா பீர் மைதீன் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "கடைசியா உங்ககிட்டதான் பேசிருக்கா. என்ன சொன்னா?" என்று கேட்டார். வேலை நல்லா நடக்குன்னு சொன்னாள் என்றேன். அந்த மனுஷனுக்கு அது ஆறுதலாக இருந்தது. எனக்கும்தான்.

வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்கிறீர்கள். அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வெள்ளம் வருவது எனக்குத் தெரியும். அவள் ஓடைக்குள் நிற்பதும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கரையேறியிருப்பாள். சொல்லாமல், நிற்கவும் வைத்தேன். நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

மையத்தை மூடவில்லை. எங்களுக்கு நல்ல இடம் கிடைத்திருப்பதாகப் பதிவாளர் சொன்னார். அது சம்பந்தமாக ஒரே ஒரு வேண்டுகோள். அந்த வாரம் எங்கள் நெட்வொர்க் ஒரு முறைகூட அறுந்துபோகவில்லை. அதைப் பொய் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், சார்.